கோபுரத்தில் இல்லாத பெயர்

பாரிஸ்



சென்ற ஞாயிறன்று, புதுவையிலிருந்து வந்திருக்கும் என் தங்கை மகனுக்கு ஐஃபில் கோபுரத்தைக் காட்டப் போயிருந்தேன். முதல் தளத்துக்குக் கீழே நாற்புறமும் பொன்னெழுத்தில் விளங்கும் 72 அறிஞர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து வந்தவன், 'அயுயி' என்ற பெயரில் நின்று, "மாமா, இவர் யார்?" என்றான். ஸ்படிக சாஸ்திரத்தின் தந்தை என்று இந்நாட்டார் போற்றும் பாதிரியார் அவர் என்று விடை சொன்னேனே ஒழிய, அவருக்கு வழி வகுத்துக் கொடுத்த ரொமே தெ லீலின் பெயர் அங்கே இல்லாத குறை என் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருந்தது.

1736இல் கிழக்குப் பிரான்சின் கிரே என்னும் ஊரில் பிறந்த ரொமே, பீரங்கிப் படையின் காரியதரிசியாக நம் புதுச்சேரிக்கு வந்து, 1761 ஜனவரியில் நகரம் ஆங்கிலேயர் வசமானபோது சிறைப்பட்டு, தரங்கம்பாடியிலும் சீனத்திலும் கைதியாகக் காலங்கழித்து, 1764இல் தாயகம் மீண்டவர். நாம் மாலையில் காற்று வாங்கும் அந்தக் கடற்கரையில் அவரும் உலவியிருப்பார் என்று நினைக்கும்போதே, இந்தக் குளிர்தேசத்தில் எனக்கு ஊர் ஞாபகம் மேலிட்டுவிடுகிறது.

பிறருடைய கல் சேகரங்களுக்கு அட்டவணை எழுதிப் பிழைத்த அவர், 1772இல் ஸ்படிகங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதையே பெருக்கி 1783இல் மூன்று பாகங்களாக மீண்டும் கொண்டுவந்தார். அதற்காக 400க்கும் மேற்பட்ட ஸ்படிக வடிவங்களைச் சுட்ட மண்ணில் செய்வித்தார். அந்த வேலையில் ஈடுபட்ட கராஞ்சோ என்பவர், கோணம் பிசகாதிருக்கும் பொருட்டு, அரைவட்டப் பாகைமானியில் இரண்டு உலோகக் கரங்களைப் பொருத்தி ஒரு கருவி அமைத்தார். அதைக்கொண்டு ரொமே அளந்து கண்ட உண்மை மகத்தானது: கல் சிறுத்தாலும் பருத்தாலும், முகங்கள் ஏறுமாறாக வளர்ந்தாலும், ஒரே பொருளின் ஸ்படிகங்களில் ஒத்த முகங்களுக்கு இடையிலுள்ள கோணம் மாறுவதில்லை. குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லின் அடுத்தடுத்த பக்கப் பட்டைகள், கல் எங்கே கிடைத்தாலும் 120 பாகையில்தான் கூடும். டென்மார்க்கின் ஸ்டெனோ 1669இலேயே இதைக் குறிப்பாகக் கண்டிருந்தார்; பற்பல கனிமங்களில் சோதித்து விதியாக்கியவர் ரொமேதான்.

ஆயினும் பாரிஸின் விஞ்ஞான அகாதமி அவரைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அங்கே அன்று ஒரு விதி இருந்தது: ஒவ்வொரு பிரிவிலும் ஆசனங்கள் இத்தனை என்று வரையறை, ஒருவர் இறந்தாலோ மேற்படிக்கு உயர்ந்தாலோதான் இடம் காலியாகும், அப்போதும் அங்கத்தினர் வாக்களித்துப் பெயர்களை மன்னருக்கு அனுப்ப, மன்னர் நியமிக்க வேண்டும் என்று. இந்த முறைப்படி, ரொமேயின் பெருநூல் வெளிவந்த அதே 1783இல், கற்களை ஆராய்ந்த அயுயிக்குத் தாவரவியல் பிரிவில் இடம் கிடைத்தது! நம் பக்கத்திலோ வித்வான் ஒருவர் சபைக்குள் நுழைந்தால், முன்வரிசையில் இருப்பவர் எழுந்து தம் இடத்தைக் கொடுத்துவிடுவார். எவருடைய மரணத்துக்கும் அவர் காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்டாக்ஹோமும் பெர்லினும் அழைத்து அங்கத்தினராக்கிய ரொமே, கண்பார்வை மங்கி, 1790இல் பாரிஸிலேயே காலமானார்.

நகரத்தை ஆங்கிலேயரிடம் இழந்த பிரெஞ்சுத் தளபதி லாலியின் பெயரால் புதுவையில் ஒரு தெரு இருக்கிறது. அவரோடு அங்கே சிறைப்பட்ட இந்த அறிஞருக்கும் ஒரு தெரு வேண்டுமென்று, ஊரிலுள்ள நீங்கள் நகரசபைக்கு எழுதுங்கள். விண்ணப்பத்தில் என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.