எலும்புச் சீனி

என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயசு. இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்த நாளிலிருந்து அவர் ஒரு வாய் வெள்ளைச் சீனி சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. காபிக்குக் கருப்பட்டி, சாமிக்கு வைக்கிற பாயசத்துக்கு வெல்லம். கேட்டால், "எலும்பப் போட்டுச் சுத்தம் பண்ணுன சீனி நமக்கு எதுக்கு?" என்பார். அவருடைய மாமியார் சொல்லிக் கொடுத்ததாம்.

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. "சீனியில எலும்பாம்! உங்க ஆச்சிக்கு எங்கேர்ந்துதான் கிடைக்குமோ" என்று பிள்ளைகள் எதிரிலேயே சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். டம்ளரை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார்.

இப்படியே இருபது வருஷம் ஓடிவிட்டது. போன கோடையில் அமெரிக்காவிலிருந்து என் நாத்தனார் மகள் வந்தாள். அங்கேயே படித்து வளர்ந்த பெண். வந்த அன்றைக்கே, "அத்தை, நான் வீகன். பால், தயிர், நெய், தேன் எதுவும் சாப்பிடமாட்டேன்" என்றாள். மாடு, ஆடு, தேனீ என்று எந்த உயிரிடமிருந்தும் எடுத்த பொருளைத் தொடுவதில்லையாம். பிறந்ததிலிருந்து சைவம் சாப்பிடுகிற எனக்கே திண்டாட்டமாகிவிட்டது. பால் வேண்டாம், நெய் வேண்டாம் என்றால் வந்த பிள்ளைக்கு வாய்க்கு ருசியாக எதைத்தான் செய்து போடுவது?

சரி என்று பாலில்லாமல் கட்டங்காபி போட்டு, சீனி டப்பாவைத் திறந்தேன். "அத்தை, இந்த ஊர்ச் சீனியில போன் சார் உண்டா?" என்றாள். புரியாமல் விழித்தேன். அவள் விளக்கியதும் என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

மாட்டு எலும்பைக் காற்றுப் படாமல் அதிகச் சூட்டில் வைத்தால் கரியாகிவிடுமாம். அந்த எலும்புக்கரியின் வழியாகச் சர்க்கரைப் பாகை விட்டால் பாகின் பழுப்பு நிறத்தைக் கரி இழுத்துக்கொள்ளுமாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஐரோப்பாவில் கண்ட வழி. அமெரிக்காவில் கரும்புச் சர்க்கரையைச் சுத்திகரிக்கும் சில ஆலைகளில் இன்றைக்கும் இது உண்டு. பீட் கிழங்கிலிருந்து எடுக்கும் சர்க்கரைக்கு இது தேவைப்படுவதில்லை. "எலும்பு சீனியில கலந்து வராது அத்தை. ஆனா அதைச் செய்யறதுக்கு ஒரு உயிரோட எலும்பு வேணுமே, அதான்" என்றாள்.

திண்ணையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது: "நான் சொன்னா சிரிச்சா. இப்ப கேளு!"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

சர்க்கரை ஆலையில் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்ற என் சித்தப்பாவுக்கு உடனே போன் போட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். நம் ஊர் ஆலைகளில் பெரும்பாலும் கரும்புச் சாற்றைச் சூடாக்கி, சுண்ணாம்புப் பால் விட்டு, கந்தகப் புகையைச் செலுத்துவார்கள். கசடு அடியில் தங்கிவிடும். தெளிந்த சாற்றைப் பாகாகச் சுண்டவைத்து, மறுபடி கந்தகப் புகை காட்டினால் வெளுத்துவிடும். 'கந்தகம் இல்லாதது' என்று பாக்கெட்டில் வருகிறதே, அதற்கு வேறு முறைகள் இருக்கின்றன. எதற்கும் எலும்பு வழக்கமில்லை. "அப்ப அத்தை சொன்னது பொய்யா, சித்தப்பா?" என்றேன். "பொய்யில்லைம்மா. அந்தக் காலத்துல வெளிநாட்டுச் சீனி வந்துது. 1905-ல் சுதேசி இயக்கம் நடந்தப்போ, எலும்பால சுத்தம் பண்ணின சீனின்னு சொல்லியே வங்காளத்துல வேண்டாம்னாங்க. அந்தப் பேச்சு இங்கே வரைக்கும் வந்திருக்கும்" என்றார்.

ஆக, அந்தக் காலத்துப் பெரியவர்கள் பயந்ததற்கும் ஒரு காரணம் இருந்திருக்கிறது. இன்றைக்கு நம் ஊர்ச் சீனியை வீகன்காரர்கள் சாப்பிடத் தடையில்லை என்பதும் சரிதான். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள்தான் விசாரித்து வாங்க வேண்டும். 2022-ல் நம் அரசாங்கம் வீகன் உணவுக்கென்று தனி விதி கொண்டுவந்திருக்கிறது. அந்த முத்திரை போட்ட பாக்கெட் என்றால், உள்ளே இருக்கும் பொருளில் மட்டுமல்ல, அதைத் தயாரிக்கும்போது பயன்படுத்தும் பொருளிலும் விலங்கு சம்பந்தம் இருக்கக் கூடாது.

அன்று சாயங்காலம் மூவரும் உட்கார்ந்து கருப்பட்டி போட்டுச் சுக்குக் காபி குடித்தோம். மாமியார் குறும்பாக, "ஏட்டி, பதநீர்க் கலயத்துக்குள்ள தடவுறது கிளிஞ்சல் சுண்ணாம்புல்லா? அது மட்டும் ஆகுமோ?" என்றார். பெண் ஒரு நிமிஷம் திகைத்துப் போய்விட்டாள். பிறகு சிரித்துக்கொண்டே, "எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆகணும் ஆச்சி. தெரிஞ்ச வரைக்கும் விலக்குறேன்" என்றாள். "நானும் அதத்தானட்டி செய்யுதேன்" என்றார் மாமியார்.

இதைப் படித்துவிட்டு, கருப்பட்டி நல்லது என்று வீட்டில் சர்க்கரை வியாதிக்காரருக்கு இரண்டு கரண்டி கூடப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். வெல்லமோ கருப்பட்டியோ சீனியோ, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

அந்தப் பெண் ஊருக்குப் போன பிறகு ஒருநாள் மாமியாரிடம், "அத்தை, இத்தனை வருஷம் உங்களைக் கேலி பண்ணிட்டேன்" என்றேன். அவர், "பிள்ளைகளும் சேந்து சிரிச்சுதுங்கல்லா, அதுதான் கொஞ்சம் உறுத்திச்சு" என்றார். அவ்வளவுதான். அன்று ராத்திரியே பிள்ளைகள் இருவரையும் கூப்பிட்டு, ஆச்சி சொன்னதில் உள்ள உண்மையை எடுத்துச் சொன்னேன். திண்ணையில் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.