ஏன் என்று கேட்டாள்!

சிவப்பு மையால் கோடிழுப்பது எளிது. காரணம் கூறுவதன்றோ கடினம்!

பத்தாம் வகுப்பு மாணவியொருத்தி, 'தி ஃபிளவர் ஸ்மெல்ஸ் ஸ்வீட்லி' என்றெழுதினாள். 'ஸ்வீட்' என்று திருத்தினோம்.

"ஏன் ஐயா? இனிமையாக மணக்கிறது என்றுதானே தமிழில் சொல்கிறோம்?"

"அதுதான் விதி" என்றோம். வகுப்பு சிரித்தது. தலைகுனிந்து அமர்ந்தாள். அன்றிரவு எமக்கு உறக்கமில்லை. விதியென்று கூறி வாயடைப்பது ஆசிரியர்க்கு அழகா?

ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி, 1954-இல் வெளியிட்ட நூலில், வினைச்சொற்கள் தொடரில் அமையும் முறைகளை 25 வகையாகப் பிரித்துக் காட்டினார். அவ்வழியே நாமும் வினையை ஆராய்ந்தோம், விடை கிடைத்தது.

மறுநாள் கரும்பலகையில் இரு தொடர்களை எழுதினோம். 'ஹீ லுக்ட் ஆங்கிரி': அவன் சினமுற்றவனாகத் தோன்றினான். 'ஹீ லுக்ட் அட் மீ ஆங்கிரிலி': அவன் என்னைச் சினத்தோடு நோக்கினான். முன்னதில் வினை வெறும் பாலம், சினம் அவனுடைய நிலை, எனவே பெயரடை. பின்னதில் வினை அவன் செய்த செயல், சினம் அச்செயலின் தன்மை, எனவே வினையடை. தமிழோ, 'சினமாக இருந்தான்', 'சினமாக நோக்கினான்' என ஈரிடத்தும் 'ஆக' என்பதையே சேர்க்கிறது.

மலர் மூக்கால் முகர்கிறதா? இல்லை, அதன் மணம் இனியது, அவ்வளவே. ஆதலால் 'ஸ்வீட்'!

அவள் செய்தது மடமையன்று. தாய்மொழி வழிநின்று போட்ட கணக்கு. சிரித்த வகுப்பின் முன்னேயே சொன்னோம்: "அம்மா, நேற்று உன் பிழையைவிட எம் விடையே பெரும்பிழை."

தோழர்களே! கேள்வி கேட்ட பிள்ளை தலைகுனியும் வகுப்பறையில் எம்மொழிதான் வளரும்?