கவிழ்ந்த சீட்டும் காண்போன் அறிவும்

சூதாட்டத்தைப் பற்றிய தமிழ் மக்களின் தீர்ப்பு மிகப் பழையது. திருக்குறளின் 94ஆம் அதிகாரம் முழுவதும் அதன் கேடுகளையே பேசுகின்றது. பாரதக் கதையிலே சூதாடி நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் தோற்றுநின்ற தருமனை அறியாதார் இலர். இத்தீர்ப்பை மாற்றவேண்டிய தேவை எதுவும் இல்லை. எனினும், தீமை ஒன்றைத் தீமையென்று கூறிய பின்னரும், அதனுள்ளே மனித அறிவு எவ்வாறு இயங்குகின்றது என்பதை உற்றுநோக்க இடமுண்டு. முழுவதும் அறியாத நிலையிலும் முடிவெடுத்தே ஆகவேண்டிய மனிதனின் இக்கட்டை, 2003ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் நடைபெற்ற ஒரு சீட்டாட்டம் நன்கு விளக்குகின்றது.

லாஸ் வேகஸ் அமைந்துள்ள நெவாடா மாநிலம் 1931ஆம் ஆண்டிலே சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அந்நகரிலே பெனி பினியன் என்பவர் நடத்திய ‘ஹோர்ஸ்ஷூ’ என்னும் மண்டபத்தில், 1970ஆம் ஆண்டு ‘போக்கர்’ உலகத்தொடர் ஆரம்பமாயிற்று. எல்லையற்ற ஹோல்டெம் என்ற ஆட்டமே அத்தொடரின் தலையாய போட்டியாக வளர்ந்தது. அதில் நுழைவதற்குரிய கட்டணம் 10,000 டொலர். 2003ஆம் ஆண்டு 839 பேர் அதிற் கலந்துகொண்டனர். ஐந்தாம் நாள் ஆட்டம் தொடங்கியபோது எஞ்சியிருந்தோர் ஒன்பது பேர். அவர்களும் ஒருவர்பின் ஒருவராக எழுந்து செல்ல, முடிவில் இருவரே எதிரெதிரே அமர்ந்திருந்தனர்.

ஒருவர் கிறிஸ் மணிமேக்கர். பணம் ஆக்குபவன் என்று பொருள்படும் இப்பெயர் புனைபெயரன்று. அவருடைய குடும்பப் பெயரே அதுதான். ரெனசி மாநிலத்தைச் சேர்ந்த அவர் 27 வயதுக் கணக்காளர். இணையத்தில் நடைபெற்ற தகுதிகாண் ஆட்டமொன்றில், நூறு டொலருக்குட்பட்ட சிறுதொகையைக் கட்டி, இப்போட்டிக்கான இடத்தை வென்றவர். மற்றவர் லெபனானிற் பிறந்த சாம் பர்ஹா. பற்றவைக்காத சிகரெட் ஒன்றை உதட்டிற் பொருத்தியவாறு ஆடும் அவர், பெருந்தொகை ஆட்டங்களிற் பழகித் தேர்ந்தவர். ஒருவருக்கு இது பிழைப்பு, மற்றவருக்கோ பொழுதுபோக்கு.

ஆட்டத்தின் விதி எளியது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்து வழங்கப்படும். அவற்றை உரியவர் மட்டுமே பார்க்கலாம். பின்னர் மேசை நடுவே முதலில் மூன்று, அடுத்து ஒன்று, இறுதியாக ஒன்று என ஐந்து சீட்டுகள் எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து வைக்கப்படும். இந்த ஏழினுள் மிகச் சிறந்த ஐந்தைச் சேர்த்தவர் வெல்வார். சீட்டுகள் திறக்கப்படும் ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம். எதிராளி கட்டியதற்கு ஈடுகொடுக்கலாம். அல்லது சீட்டுகளைக் கைவிட்டு ஒதுங்கலாம். எல்லையற்ற ஆட்டம் என்பதன் பொருள், தன்னிடமுள்ள பந்தய வில்லைகள் அனைத்தையும் எவ்வேளையிலும் முன்னே தள்ளலாம் என்பதே. அவ்வாறு தள்ளப்பட்ட குவியலின் முன் எதிராளி ஒதுங்கிவிட்டால் சீட்டுகளைக் காட்டவேண்டிய கடப்பாடில்லை. ஆகவே, கையில் ஒன்றுமில்லாதவனும் வெல்லலாம்.

இறுதி இருவரிடையே ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பர்ஹாவின் கையில் ஓர் இராணியும் ஓர் ஒன்பதும் இருந்தன. மேசையில் முதலில் விழுந்த மூன்று சீட்டுகள் ஒன்பது, இரண்டு, ஆறு. அவரிடம் ஒன்பதுச் சோடி சேர்ந்துவிட்டது. நான்காவதாக எட்டு விழுந்தது. மேசையில் இப்பொழுது இஸ்கோப்பன் இனச் சீட்டுகள் மூன்று. பர்ஹா 300,000 வில்லைகளைக் கட்டினார். மணிமேக்கர் அதனை 800,000 ஆக உயர்த்தினார். பர்ஹா ஈடுகொடுத்தார். கடைசிச் சீட்டு மூன்று. பர்ஹா பந்தயம் கட்டாது வாய்ப்பை எதிராளியிடம் விட்டார். மணிமேக்கர் தம்மிடமிருந்த அனைத்தையும் முன்னே தள்ளினார்.

பர்ஹா நெடுநேரம் சிந்தித்தார். எதிரே கறுப்புக் கண்ணாடிக்குள் ஒளிந்த முகம் அசையவில்லை. பர்ஹா அறிந்தவை இவ்வளவே: தம்முடைய சோடி நல்லதே; ஆயினும் எதிராளியிடம் இஸ்கோப்பன் இரண்டு இருந்தால் அது தோற்கும்; பத்தும் ஏழும் இருந்தால் தோற்கும்; ஏழும் ஐந்தும் இருந்தால் தோற்கும்; இரண்டு சோடிகள் இருந்தாலும் தோற்கும். முடிவில் அவர் தம் சீட்டுகளைக் கைவிட்டார்.

மணிமேக்கரின் கையிலிருந்தவை ஓர் இராசாவும் ஓர் ஏழும். எதிர்பார்த்த சீட்டு எதுவும் விழாமையால், அவரிடம் ஒரு சோடிகூட இருக்கவில்லை.

இச்செய்தி அன்று அம்மண்டபத்தில் நின்றோருக்குத் தெரியாது. மேசை விளிம்பிற் பொருத்தப்பட்ட சிறு ஒளிப்படக் கருவிகள் கவிழ்ந்த சீட்டுகளைப் பதிவு செய்தன. பின்னர் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி ஒளிபரப்பாகியபோது, வீட்டிலிருந்தோர் இருவர் கைகளையும் ஒருங்கே கண்டனர். வர்ணனையாளர் அதனை நூற்றாண்டின் ஏய்ப்பு என்று புகழ்ந்தார். நாற்காலியிற் சாய்ந்திருந்தவருக்கெல்லாம் பர்ஹா ஏமாளியாகத் தோன்றினார். ‘ஒன்றுமே இல்லாதவனுக்கு அஞ்சினாரே’ என்று சொல்வது, இரண்டு கைகளையும் கண்டவனுக்கு எளிது. ஒரு கையை மட்டும் கண்டவனுக்கே அது கடினம்.

அக்கருவியின் வரலாறும் நினைக்கத்தக்கது. மறைந்த சீட்டைக் காட்டும் கருவிக்கு ஐக்கிய அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றவர் ஹென்றி ஒரென்ஸ்ரைன். 1923ஆம் ஆண்டு போலந்திற் பிறந்த யூதர் அவர். பெற்றோரை நாசிகளின் கொலைவெறிக்குப் பலிகொடுத்தவர். வதைமுகாம்கள் பலவற்றைக் கடந்து பிழைத்தவர். முகாமொன்றில், கைதிகளிடையே உள்ள விஞ்ஞானிகளும் கணித வல்லுநரும் பதிந்துகொள்ளவேண்டும் என்ற அறிவித்தல் வந்தபோது, அத்தகைய கல்வி எதுவும் இல்லாத அவர் தம் பெயரையும் உடன்பிறந்தார் பெயர்களையும் துணிந்து பதிவுசெய்தார். கையில் ஒன்றுமின்றி அவர் வைத்த பந்தயம் அது, பணயம் உயிர். அன்று அவருடைய கையைக் காட்டும் கருவி ஏதேனும் முகாம் அதிகாரிகளிடம் இருந்திருப்பின் அவர் பிழைத்திருக்கமாட்டார். அமெரிக்கா சென்று விளையாட்டுப் பொருள் வணிகத்திற் சிறந்த அவரே, முதுமையில் மற்றவர் கைகளை உலகுக்குக் காட்டும் கருவியை ஆக்கினார். 2021ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

முடிவைக் கொண்டு செயலை எடைபோடுவது எவ்வளவு தவறானது என்பதற்கு அப்போட்டியிலேயே வேறொரு சான்றுமுண்டு. இறுதி ஒன்பதின்மர் யாவர் என்பது தீர்மானமாகும் வேளையில், பில் ஐவி என்ற தேர்ந்த ஆட்டக்காரரும் மணிமேக்கரும் மோதினர். ஐவியிடம் இரண்டு ஒன்பதுகள். மணிமேக்கரிடம் ஓர் ஏஸும் ஓர் இராணியும். மேசையில் இரண்டு இராணிகளும் ஓர் ஆறும் விழ, மணிமேக்கர் முந்தினார். நான்காவதாக ஒன்பது விழ, மூன்று ஒன்பதுகளும் இரண்டு இராணிகளுமாக ஐவி முந்தினார். அப்பொழுதுதான் ஐவியின் வில்லைகள் அனைத்தும் நடுவே சென்றன. வெளிப்படாதிருந்த 44 சீட்டுகளில் அவரைத் தோற்கடிக்கக்கூடியவை ஏழே. அந்த ஏழில் ஒன்றான ஏஸ் விழுந்தது. ஐவி பத்தாமவராக எழுந்து சென்றார். அவர் செய்த பிழை யாது? யாதுமில்லை. தோற்றவனெல்லாம் தவறியவனல்லன், வென்றவனெல்லாம் தேர்ந்தவனுமல்லன். இவ்வுண்மையை ஏட்டிற் படித்தவர் பலர். பணயம் வைத்து அறிந்தவர் சிலர்.

மே 23இன் இறுதி ஆட்டத்திற்கு மீண்டும் வருதல் தகும். பர்ஹாவின் கையில் ஜேக்கும் பத்தும். மணிமேக்கரின் கையில் ஐந்தும் நான்கும். மேசையில் ஜேக், ஐந்து, நான்கு என மூன்றும் விழுந்தன. பர்ஹாவிடம் மீண்டும் மேசையின் உயர்ந்த சீட்டோடு சேர்ந்த ஒரு சோடி. இம்முறை அவர் ஒதுங்கவில்லை. இருவர் வில்லைகளும் மோதின. ஆனால் இம்முறை மணிமேக்கரிடம் இரண்டு சோடிகள் இருந்தன. நான்காவது சீட்டான எட்டு எதையும் மாற்றவில்லை. கடைசியில் இன்னுமோர் ஐந்து விழுந்து கதையை முடித்தது. மணிமேக்கருக்கு 2,500,000 டொலர். பர்ஹாவுக்கு 1,300,000 டொலர்.

ஒரே தன்மையான சோடியை ஒருமுறை கைவிட்டார். அப்பொழுது அதுவே வெல்லுஞ் சோடி. மறுமுறை பற்றிநின்றார்; அப்பொழுது அது தோற்குஞ் சோடி. கண்டவர்க்கு இரண்டும் பிழை. ஆயின், அந்த நாற்காலியில் இருந்தவருக்கு இரண்டு கணங்களும் ஒரே முகத்தையே காட்டின. அஞ்சுதலும் துணிதலும் ஒருவரிடமே, ஒரே நாளிலே, தத்தம் இடம் மாறி வந்து நின்றன. பேதைமை என்று அதற்குப் பெயரிடுவோர் கருவியின் அறிவைத் தம் அறிவென்று மயங்குபவர்.

இவ்வெற்றியின் விளைவு பெரிது. 2004ஆம் ஆண்டு அதே போட்டியில் 2,576 பேர் கலந்துகொண்டனர். 2006இல் 8,773 பேர். கணக்காளர் ஒருவர் வென்றமையால் தாமும் வெல்லலாம் எனப் பலர் நம்பினர். சூதில் வென்ற பொருளைத் தூண்டிலிற் கோத்த இரையாகக் கண்ட வள்ளுவர் இதனை வியந்திருக்கமாட்டார். 2003ஆம் ஆண்டில் ஒருவர் வென்றார் என்பது எங்கும் பேசப்பட்டது. 838 பேர் வெல்லவில்லை என்பது பேசப்படவில்லை. அந்தக் கணக்கைக் காட்டுதற்கு மேசை விளிம்பில் எக்கருவியும் பொருத்தப்பட்டிருக்கவில்லை.

வரலாறு கற்போரும் ஒருவகையில் அத்தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருப்போரே. அரசர் ஒருவர் செய்த உடன்படிக்கையையோ, தலைவர் ஒருவர் விலகிய தருணத்தையோ, குடும்பமொன்று ஊரைவிட்டு நீங்காதிருந்த முடிவையோ நோக்கும்போது, அவர்களுக்கு எதிராளியின் சீட்டும் தெரியும். இனி விழப்போகும் சீட்டும் தெரியும். அந்த அறிவு தேவையானதே. ஆயினும் தீர்ப்புக் கூறுமுன் ஒருகணம் அதனை ஒதுக்கிவைத்து, ஒரு கையை மட்டும் கண்டவனின் நாற்காலியிற் சென்று அமர்ந்து பார்த்தல் வேண்டும். நாளைய சீட்டு இன்று வாழ்வோருக்கும் கவிழ்ந்தே கிடக்கின்றது. அவர்களை எடைபோடப் பின்வருவோரும் இரண்டு கைகளையும் கண்ட பின்னரே வருவர்.