இரவு பதினொன்றரைக்கு வந்த சேதி

புனேயில் ஒரு சிறிய டயாலிசிஸ் மையம். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை வந்து, சுமார் நான்கு மணி நேரம் படுத்திருந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிறவர்கள்தான் அங்கே நோயாளிகள். ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் தங்கும், மூச்சு முட்டும். பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுபோகலாம். எனவே மறுநாள் முறை உள்ளவர்களுக்கு முந்தைய மாலையே போன் செய்வது வரவேற்பறைப் பெண்ணின் வேலை. கையில் நீளமான ஒரு நோட்டு. பேசி முடித்த பெயருக்கு எதிரே ஒரு டிக்.

2021இல் இந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்க முடிவு செய்தார்கள். மாட்டிக்கொண்டவர் ஐம்பதை நெருங்கும் ஒரு புரோகிராமர். தினமும் ஒரு நிமிடம்கூடப் பிடிக்காத இந்த வேலைக்காக ஒரு சர்வரை நாள் முழுக்க ஓடவிடுவது வீண் செலவு என்று அவர் தேர்ந்தெடுத்தது 'சர்வர்லெஸ்' முறையை.

பெயர்தான் கொஞ்சம் ஏமாற்று. சர்வர் இருக்கிறது, ஆனால் அது அமேசானுடையது. 2014இல் அந்த நிறுவனம் அறிமுகப்படுத்திய லாம்டாவில் புரோகிராமை ஏற்றி வைத்துவிட்டால், அழைத்தபோது விழித்து, வேலையை முடித்துவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும். அழைப்புக்கும் விழித்திருந்த நேரத்துக்கும் மட்டும் காசு. ஒரு தடவைக்கு அதிகபட்சம் 15 நிமிடம். ஆட்டோ பிடித்துப் போவது மாதிரி. வாங்கி வீட்டு வாசலில் நிறுத்திவைக்க வேண்டியதில்லை.

தூங்குகிறவனை எழுப்ப ஆள் வேண்டுமே? அது ஈவன்ட்பிரிட்ஜ் என்ற இன்னொரு சேவையின் பொறுப்பு. எப்போது எழுப்ப வேண்டும் என்பதை 'கிரான்' பாஷையில் எழுதித் தர வேண்டும். 1970களின் யூனிக்ஸ் காலத்துச் சொத்து இது. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டங்கள். அமேசான் ஆறாவதாக வருடத்தையும் கேட்கிறது. தேதி, கிழமை இரண்டிலும் நட்சத்திரம் போட்டால் ஏற்காது. ஒன்றில் கேள்விக்குறி போட்டாக வேண்டும். அவர் மாலை 6 மணிக்கு எழுதினார்: 0 18 * * ? *

அன்று மாலை 6 மணிக்கு எதுவும் நடக்கவில்லை. சேதி போனது இரவு 11.30க்கு. புரோகிராம் ஓடியது பக்கத்து மும்பையில்தான். ஆனால் அதை எழுப்பிய கடிகாரம் சர்வதேசப் பொது நேரத்தில் ஓடியது. இந்தியா அதற்கு ஐந்தரை மணி நேரம் முந்தி.

நோயாளி இருக்கும் வீட்டில் அகாலத்தில் போன் சிணுங்கினால் வயிற்றைக் கலக்காதா? மறுநாள் காலை வந்த வசவுகளையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் வரவேற்பறைப் பெண். புரோகிராமர் கணக்குப் போட்டு 30 12 என்று திருத்தினார். 2022 நவம்பரில் அமேசான் இதற்கென்றே ஒரு ஷெட்யூலரைக் கொண்டுவந்த பிறகு இந்தத் தொல்லை இல்லை. 'ஆசியா/கொல்கத்தா' என்று குறித்துவிட்டால் நம்மூர் மணியே போதும்.

அடுத்து, சிலருக்கு ஒரே சேதி இரண்டு முறை போனது. ஒரு தடவையாவது கட்டாயம் எழுப்புவோம் என்பதுதான் இந்தச் சேவைகள் தரும் உறுதி. ஒரே தடவைதான் என்று அவை சொல்வதில்லை. எனவே யாருக்கு எந்த நாளுக்கான சேதி போயிற்று என்று ஓர் அட்டவணையில் பதிந்து, அதைப் பார்த்த பிறகே அனுப்பும்படி செய்தார். நோட்டிலிருந்த டிக்தான், வேறு வேஷத்தில்.

மூன்றாவது தவறுக்குத்தான் விலை இருந்தது. யாரோ ஏதோ ஓர் அனுமதியை மாற்றியதில், ஒரு மாலை வேலை தோற்றது. தோல்வி லாக்கில் ஒழுங்காகப் பதிவானது. அதைத் திறந்து பார்க்கத்தான் ஆளில்லை. சேதி வராததால் நாளை முறை இல்லை என்று ஒரு பாட்டியின் மகன் நினைத்துக்கொண்டார். அடுத்த நாள் பாட்டியை மூச்சிரைக்கத் தூக்கி வந்தார்கள். பிழைத்துவிட்டார்.

அன்றிரவு புரோகிராமர் அதுவரை யோசிக்காத ஒன்றை எழுதினார்: 6.30க்குள் 'அனுப்பியாயிற்று' என்ற தகவல் வராவிட்டால் அலறும் ஓர் அலாரம். தப்பு நடந்தால் மட்டுமல்ல, எதுவுமே நடக்காவிட்டாலும் அது கத்தும்.

வரவேற்பறைப் பெண்ணுக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. "நான் போன் செய்தது தேதி சொல்ல மட்டுமா, தாதா? ஆஜி 'ஹலோ' சொல்லும்போதே மூச்சு வாங்குதா இல்லையான்னு தெரிஞ்சிடும். வாங்கினால் இப்பவே கிளம்பி வாங்கன்னு சொல்லிடுவேன்" என்றார்.

அதற்கு எந்த நட்சத்திரம், எந்தக் கேள்விக்குறி போடுவது? புரோகிராமர் இரண்டாவதாக ஒரு வேலையை 7 மணிக்கு வைத்தார். சேதிக்குப் பதில் அனுப்பாதவர்களின் பெயர்களைத் திரட்டி அது வரவேற்பறைக்கு அனுப்பும். பெரும்பாலும் நாலைந்து பெயர்கள்தான் வருகின்றன. அவர்களுக்குப் போன் போகிறது. பதில் அனுப்பிவிட்டாலும் அந்தப் பாட்டிக்கும் ஒரு போன் உண்டு. நோட்டை அந்தப் பெண் இன்னும் தூக்கிப் போடவில்லை.