சாம்பிள் பார்க்காமல் போட்ட ஓட்டு

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்க வரும் வியாபாரி சாம்பிளைக் கையில் கொட்டி, நிறம் பார்த்து, முகர்ந்து பார்த்த பிறகுதான் விலை சொல்வார். நாடாளுமன்றத்தில் அந்த வழக்கம் எல்லாம் கிடையாது. கட்சிக் கொறடா சொன்னால் ஓட்டுப் போட வேண்டியதுதான்!

2002 மார்ச்சில் பொடா மசோதா வந்தது. மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் ஆதரவு 98, எதிர்ப்பு 113 என்று தோற்றது. வாஜ்பாய் அரசு விடவில்லை. மார்ச் 26 அன்று இரண்டு அவைகளையும் ஒன்றாகக் கூட்டி, 425க்கு 296 என்று ஜெயித்துக் காட்டியது. மசோதாவுக்காக இப்படிக் கூட்டுக் கூட்டம் நடந்தது மொத்தமே மூன்று முறைதான். முதல் முறை 1961ல், வரதட்சணைத் தடைச் சட்டத்துக்காக.

பொடாவை ஆதரித்தவர்களில் சிவகாசி எம்.பி. வைகோவும் ஒருவர். மூன்றே மாதம். ஜூன் 29 அன்று திருமங்கலம் கூட்டத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார். (போடியிலிருந்து தேனி, உசிலம்பட்டி வழியாக பஸ் பிடித்தால் போய்விடக்கூடிய ஊர்தான்.) அப்போது முதல்வர் ஜெயலலிதா. 1989ல் அவர் முதன்முதலாக எம்.எல்.ஏ. ஆனது போடி தொகுதியில். ஜூலை 11 அன்று அமெரிக்காவிலிருந்து திரும்பிய வைகோ சென்னை விமான நிலையத்திலேயே பொடாவில் கைதானார். வேலூர் சிறை. ஜாமீனில் வெளியே வந்தது 2004 பிப்ரவரியில். இடையில் 2003 டிசம்பரில், பயங்கரவாதத்தை வளர்க்கும் நோக்கம் இல்லாத வெறும் வாய்மொழி ஆதரவு குற்றமாகாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது.

தான் ஆதரித்த சட்டத்திலேயே மாட்டிக்கொண்டார் என்று அன்று சிரித்தவர்கள் நிறைய. சிரிப்பு வருவது சகஜம்தான். ஆனால் அவர் வக்கீலுக்குப் படித்தவர், பின்னால் ஒரு கட்சியே இருந்தது. அவருக்கே 19 மாதம்!

தினமும் விடிகாலையில் போடியிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு தாண்டி கேரளத் தோட்டங்களுக்குப் போகிற கூலியாளை நினைத்துப் பாருங்கள். சாதாரண வழக்கில் 60 அல்லது 90 நாளில் போலீஸ் குற்றப்பத்திரிகை தராவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடும். பொடாவில் அதை 180 நாள் வரை நீட்டலாம். ஏலத்தோட்டத்தில் ஏறக்குறைய 45 நாளுக்கு ஒருமுறை காய் பறிப்பு. கணக்குப் போட்டால் நாலு பறிப்பு, அதாவது சீசனில் பெரும்பகுதிக் கூலி போச்சு. விசாரணை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அதைவிட மோசம் வாக்குமூலம். எஸ்.பி. அந்தஸ்துள்ள போலீஸ் அதிகாரி எழுதி வாங்கியதையே பொடா சாட்சியமாக ஏற்றது. வவுச்சர் இல்லாமல் கேஷியர் தானே எழுதிக்கொண்ட செலவை எந்த ஆடிட்டராவது ஒத்துக்கொள்வாரா? பொடாவுக்கு முன்பிருந்த தடா சட்டத்திலும் இதே ஏற்பாடுதான். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998ல் 26 பேருக்கும் தூக்கு என்றது தடா கோர்ட். 1999ல் சுப்ரீம் கோர்ட் 19 பேரை விடுவித்தது. மரண தண்டனை உறுதியானவர்களில் ஒருவர் பேரறிவாளன். அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி தியாகராஜன், அவர் சொன்ன ஒரு முக்கியமான வரியைத் தான் எழுதாமல் விட்டதாக 2013ல் ஒப்புக்கொண்டார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்பதே அந்த வரி. பேரறிவாளன் விடுதலையானது 2022 மே 18. உள்ளே போகும்போது வயது 19.

பொடா 2004ல் ரத்தானது. போலீஸ் வாக்குமூலம் அதோடு போனது, 180 நாள் மட்டும் திரும்பி வந்தது. 2008 டிசம்பரில், மும்பைத் தாக்குதல் நடந்த சில வாரங்களுக்குள், அதை உபா சட்டத்தில் சேர்த்தார்கள். ஜாமீனும் கடினமானது. அப்போது ஆட்சியில் இருந்தது பொடாவை எதிர்த்து ஓட்டுப் போட்ட காங்கிரஸ். 2019ல் தனி நபரையே பயங்கரவாதி என்று அரசு அறிவிக்கலாம் என்று திருத்தம் வந்தபோது மக்களவையில் எதிர்த்து விழுந்த ஓட்டு எட்டு.