ஊர்க் கன்றும் உடன்வரும் நோயும்

மைசூரில் குடியேறிய நாம், வீட்டின் பின்புறம் சிறிது நிலம் வாய்த்தாலும் வாழை வைக்க விரும்புகிறோம். அக்கன்றும் பிறந்த ஊரிலிருந்தே வருதல் வேண்டும் என்பது நம் மூத்தோர் ஆசை. ஊர்விட்டு வந்தவர்க்கு இவ்வாசை இயல்பே. ஆயினும் கன்றோடு கண்ணுக்குப் புலப்படாத நோயும் உடன்வரக் கூடும் என்பதை நாம் அறிந்திருத்தல் நன்று.

வாழையின் முடிக்கொத்து நோய் ஒருவகை வைரஸால் விளைவது. புதிய இலைகள் குறுகி, விளிம்பு மஞ்சளித்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். இலைக்காம்பில் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் தோன்றும். இளமையிலேயே நோயுற்ற வாழை குலை தள்ளுவதில்லை. இந்த வைரஸ் தானாக இடம் பெயராது. இலையடியில் கூட்டமாக வாழும் அசுவினிப் பூச்சியே அதற்கு ஊர்தி. நோயுற்ற வாழையில் சில மணி நேரம் சாறு உறிஞ்சிய அசுவினி, வைரஸைத் தன் உடலில் ஏற்று, பின்னர் நல்ல வாழைகளிலும் செலுத்துகின்றது. 1920களில் ஆஸ்திரேலிய அறிஞர் மாகி இதனை நிறுவினார்.

அசுவினியின் சிறகு அடுத்த தோட்டத்திற்குச் செல்ல உதவும். கடல் கடக்க உதவாது. 1889இல் பிஜித் தீவில் அறியப்பட்ட இந்நோய், 1913இல் இலங்கையிலும், 1940இல் திருவிதாங்கூர்ப் பகுதியிலும் காணப்பட்டது. தொலைவான இடங்களுக்கு இந்நோய் செல்வது பெரும்பாலும் மனிதர் எடுத்துச் செல்லும் கன்றுகளாலேயே. நோயுற்ற கன்றும் சில வாரங்கள் நலமுள்ளது போலவே தோன்றும். இடர் அதில்தான் உள்ளது.

பழனிப் பஞ்சாமிர்தத்திற்குப் பெயர்பெற்ற விருப்பாச்சி மலைவாழை, 1970களில் இந்நோயால் பெரிதும் அழிந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகளை உண்டாக்கி அதனை மீட்க முற்பட்டனர். நம் அருகிலுள்ள நஞ்சன்கூட்டு ரசபாளெ அருகியதற்குக் காரணம் வேறு. அது மண்ணில் வாழும் பூஞ்சையால் வரும் பனாமா வாடல் நோய். அதற்குப் பூச்சி வேண்டுவதில்லை. ஆயினும் அதுவும் கிழங்கோடு ஊர் மாறக் கூடியதே.

எங்கள் இல்லத்திலும் இப்பேச்சு எழுந்தது. தம் தந்தையார் நட்ட வாழையின் வழிக்கன்று ஒன்று வேண்டும் என அன்னையார் நெடுநாள் விரும்பியிருந்தார். ஊர்த் தோட்டத்தில் இரண்டு வாழைகள் தலை கொத்தி நிற்பதாக மாமா தெரிவித்தார். அன்னையாரிடம் இதனை எடுத்துரைப்பது எங்களுக்கு எளிதாயில்லை. அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அடுத்த வீட்டாரும் ரசபாளெ வைத்திருக்கிறார்களே! நம் ஆசையால் அவர்கள் வாழை கெட வேண்டாம்" என்றார். இன்று எங்கள் கொல்லையில் நிற்பது நோயற்றதெனச் சான்று பெற்ற திசு வளர்ப்புக் கன்று.

ஆதலின் அன்பர்களே, சான்றுள்ள கன்றையே வாங்குவோம். முடிக்கொத்து நோய் கண்ட வாழையை உடனே வெட்டிச் சாய்த்தல் தகாது; அசுவினிகள் பறந்து அடுத்த மரத்தை நாடும். முதலில் மருந்தடித்து அவற்றைக் கொன்று, பிறகு கிழங்கோடு அகழ்ந்து அழித்தல் வேண்டும். நமக்கு இடமளித்த ஊரின் தோட்டங்களைக் காப்பதும் நம் கடமையே.