ஆன்-வோ இறக்கம்

பிரான்ஸ்ல கஸ்ஸி ஊர்லேர்ந்து நடந்தே ஆன்-வோ கடற்கரைக்கு வந்தாச்சு.

வழியில வர்ற போர்-பான் கடற்கரை வரைக்கும் பைன் மர நிழல், செல்ஃபி, வீறாப்பு.

அதுக்கப்புறம் ஒரு இறக்கம் பாருங்க...
சுண்ணாம்புப் பாறை. ஆளுங்க மிதிச்சு மிதிச்சு மொசைக் தரை மாதிரி வழவழன்னு கிடக்கு.
பாதி தூரம் உட்கார்ந்தேதான் இறங்கினேன். பேன்ட் போச்சு. மானம் அதுக்கு முன்னாடியே போச்சு.
ஒரு பிரெஞ்சுப் பாட்டி கைத்தடியோட குடுகுடுன்னு தாண்டிப் போறாங்க. 'போன்ழூர்' வேற!

கீழே மணல் இல்ல, கூழாங்கல்லு. ரெண்டு பக்கமும் வெள்ளைப் பாறைச் சுவர், நடுவுல பச்சையும் நீலமுமா தண்ணி. அடடா!

கடை கிடையாது. 2012லேர்ந்து தேசியப் பூங்கா. கோடையில காட்டுத்தீ அபாயம்னா பாதையையே மூடிடுவாங்க. நியாயந்தான்.

சுற்றுலாப் படகும் ஆளை ஏத்தாது. திரும்ப அதே பாறைதான்.

வந்தவங்க யாராவது இருக்கீங்களா? ஏறும்போது முட்டி என்ன சொல்லுச்சு?